பழைய ரவுட்டரைத் தூக்கிப் போடாதீர்கள், அதற்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறது

ஃபைபர் இணைப்புக்கு மாறும்போது புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார்கள். அதுவரை ஓடிக்கொண்டிருந்த ரவுட்டரை, அடாப்டர் வயரை அதன் மேலேயே சுற்றி, அலமாரி மேல்தட்டில் போட்டுவிடுகிறோம். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் இதுதான் நடந்திருக்கிறது. அந்த ரவுட்டர் பழுதாகவில்லை. அதற்கு வேலை இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியை நெட்வொர்க் சுவிட்ச்சாக, அதாவது ஒரு கேபிளில் வரும் நெட்டைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டியாக, வைத்துக்கொண்டு சில வருடங்களாக எங்கள் வீட்டு மாடியில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அக்கா வீட்டில் வேறொருவர் அப்படி மாட்டியதைச் சரிசெய்தும் கொடுத்தேன். செய்வது கஷ்டமில்லை. ஆனால் ஒன்றிரண்டு செட்டிங்கை விட்டுவிட்டால் வீடு முழுக்க நெட் தடுமாறும், காரணமும் லேசில் பிடிபடாது. அதனால் எதை மாற்ற வேண்டும் என்பதோடு ஏன் மாற்ற வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டு நிலைமை. திருச்சியில் கீழும் மேலுமாக இரண்டு தளம். ஃபைபர் பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. மாடி அறையில் ஒரு டெஸ்க்டாப், ஒரு டிவி, வாசல் கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர். நடுவில் கான்கிரீட் தளம், அதற்குள் கம்பி வலை, பக்கத்தில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். வைஃபை அலை இவற்றைத் தாண்டும்போது பாதிக்கு மேல் செத்துவிடுகிறது. அதிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெட் வேகம் அதிகம், சுவரைத் தாண்டும் திறன் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடக் குறைவு. போனில் மூன்று கோடு தெரிந்தாலும் வீடியோ கூட்டத்தில் குரல் விட்டுவிட்டு வரும்.

இதற்கு நம்பகமான வழி கேபிள்தான். கீழிருந்து ஒரு லேன் கேபிளை மாடிக்கு இழுத்தோம். ஆனால் வந்தது ஒரு கேபிள், காத்திருப்பது மூன்று கருவி. மூன்று கேபிள் இழுக்க பைப்பில் இடமில்லை. கீழே ஃபைபர் பெட்டியிலும் இரண்டு லேன் போர்ட்தான் இருந்தது. ஒரு கேபிளைப் பலவாகப் பிரித்துத் தருகிற கருவிக்குப் பெயர்தான் சுவிட்ச். கடையில் வாங்கலாம்தான். அலமாரியில் நான்கு லேன் போர்ட்டோடு ஒரு ரவுட்டர் இருக்கும்போது எதற்கு வாங்க வேண்டும் என்று தோன்றியது.

வீட்டு ரவுட்டர் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரே கருவி அல்ல. ஒரே பிளாஸ்டிக் பெட்டிக்குள் நாலைந்து வேலைகள் நடக்கின்றன. வெளியிலிருந்து வரும் ஒரே இணைய முகவரியை வீட்டுக் கருவிகள் எல்லாம் பகிர்ந்துகொள்ளச் செய்வது ரவுட்டர் வேலை. வீட்டுக்குள் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) கொடுப்பது டிஎச்சிபி வேலை. வைஃபை பரப்புவது அக்செஸ் பாயின்ட் வேலை. பின்பக்கம் வரிசையாக இருக்கும் நான்கு லேன் போர்ட்டுகளை ஒன்றோடொன்று சேர்த்து வைப்பது சுவிட்ச் வேலை. இந்தக் கடைசி வேலைக்குத் தனிச் சிப் வசதியே உள்ளே இருக்கிறது. எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று ஒவ்வொரு கருவியிலும் பதிந்திருக்கும் மேக் முகவரியை வைத்து அது தானாகக் கற்றுக்கொள்ளும், வந்த தகவலை அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இதற்கு நாம் எதையும் செட் பண்ண வேண்டியதில்லை.

ஆக, பழைய ரவுட்டரை சுவிட்ச்சாக மாற்றுவது என்றால் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. முதல் இரண்டு வேலைகளையும் நிறுத்துகிறோம். வைஃபையை நம் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம், நிறுத்தலாம். சுவிட்ச் வேலை தானாக மிஞ்சும்.

டெலிபோன் வயரில் பிராட்பேண்ட் வந்த காலத்து மோடம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்த டெலிபோன் வயர் செருகும் சின்னத் துளை இப்போது எதற்கும் பயன்படாது. ஆனால் அதன் பின்னால் லேன் போர்ட் நான்கு இருந்தால் அதுவும் சுவிட்ச்தான்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதலில் ரவுட்டரை ஃபைபர் பெட்டியோடு இணைக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ரீசெட் என்று ஒரு சின்ன ஓட்டை இருக்கும். மின்சாரம் கொடுத்துவிட்டு, குண்டூசியாலோ சிம் எடுக்கும் ஊசியாலோ பத்து நொடி அழுத்திப் பிடித்தால் விளக்குகள் எல்லாம் ஒருமுறை மின்னி, பழைய செட்டிங் அழிந்துவிடும். பழைய கம்பெனியின் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அதில் தங்கியிருக்கும் என்பதால் இதைச் செய்வது நல்லது.

அடுத்து ஒரு லேப்டாப்பை அதன் லேன் போர்ட்டில் கேபிளால் இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் திறக்கும் செட்டிங் பக்கம் ஃபைபர் பெட்டியினுடையதா பழைய ரவுட்டரினுடையதா என்ற குழப்பம் வரும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் முகவரி இருக்கும். பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1. அதை பிரௌசரில் அடித்தால் உள்ளே நுழைய பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பழைய மாடல்கள் பலவற்றில் இரண்டுமே ‘அட்மின்’ என்றுதான் இருக்கும். நுழைந்ததும் அந்தக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

உள்ளே லேன் என்ற பக்கத்துக்குப் போங்கள். இங்கேதான் முதல் முக்கியமான மாற்றம். ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1 என்று வையுங்கள். பழைய ரவுட்டருக்கும் அதே முகவரி இருந்தால் ஒரே நெட்வொர்க்கில் இரண்டு பேர் ஒரே முகவரியோடு உட்கார்ந்திருப்பார்கள். கருவிகள் சில நேரம் இதைக் கேட்கும், சில நேரம் அதைக் கேட்கும், நெட் வரும் போகும். அதனால் பழைய ரவுட்டருக்கு அதே வரிசையில் வேறு எண் கொடுக்க வேண்டும். நான் 192.168.1.250 கொடுத்தேன். பலர் கடைசி எண்ணை 2 என்று வைக்கிறார்கள். ஆனால் சில ஃபைபர் பெட்டிகள் 2-லிருந்தே கருவிகளுக்கு முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும், ஒருநாள் யாருடைய போனுக்காவது அதே எண் போய்ச் சேரும். ஃபைபர் பெட்டியின் டிஎச்சிபி பக்கத்தைத் திறந்து, அது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது என்று பார்த்து, அதற்கு வெளியே ஒரு எண்ணை எடுங்கள். எங்கள் பெட்டி 254 வரை கொடுத்துக்கொண்டிருந்தது. அதை 200-ஓடு நிறுத்திவிட்டு, அதற்கு மேலே இருப்பதை இந்த மாதிரி நிரந்தரக் கருவிகளுக்கு ஒதுக்கிக்கொண்டேன். டிவிஆருக்கும் அங்கிருந்துதான் ஒரு எண்.

சேமித்ததும் ரவுட்டர் மறுபடி கிளம்பும். லேப்டாப் கேபிளை ஒருமுறை பிடுங்கிச் செருகிவிட்டு, புது முகவரியில் உள்ளே போங்கள். இப்போது டிஎச்சிபி என்ற பக்கத்தில் அதை நிறுத்துங்கள். ஐபிவி6 என்ற புது வகை ஐபி முகவரி வசதி உள்ள ரவுட்டர் என்றால் அதிலும் முகவரி கொடுக்கும் பகுதி தனியாக இருக்கும், அதையும் நிறுத்த வேண்டும். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

டிஎச்சிபியை நிறுத்தியபின் லேப்டாப்புக்கு அந்த ரவுட்டர் முகவரி தராது. லேப்டாப் தானாக 169.254 என்று ஆரம்பிக்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும், செட்டிங் பக்கம் திறக்காது. ரவுட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்து மறுபடி ரீசெட் அழுத்திவிடாதீர்கள். அது சொன்னபடி கேட்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. மறுபடி உள்ளே போக வேண்டுமானால் லேப்டாப்புக்குக் கையாலேயே 192.168.1.50 என்று முகவரியும், 255.255.255.0 என்று சப்நெட் மாஸ்க்கும் போட்டால் திறக்கும். ஃபைபர் பெட்டியோடு இணைத்துவிட்டால் அதுவும் தேவையில்லை.

கடைசியாக கேபிள். கீழிருந்து வரும் கேபிளைப் பழைய ரவுட்டரின் லேன் போர்ட் ஒன்றில் செருக வேண்டும். ‘வான்’ அல்லது ‘இன்டர்நெட்’ என்று எழுதி, நிறம் மாற்றி, கொஞ்சம் தள்ளி ஒரு போர்ட் இருக்குமே, அதில் அல்ல. அந்தப் போர்ட்டில் செருகினால் பழைய ரவுட்டர் மறுபடி ரவுட்டர் வேலையில் இறங்கிவிடும், மேலே ஒரு நெட்வொர்க், கீழே ஒரு நெட்வொர்க் என்று வீடு இரண்டாகப் பிரியும். கீழே இருந்து மேலே உள்ள டிவிஆரைப் பார்க்க முடியாது. அந்தப் போர்ட் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது கேபிளைக் கழற்றி மாட்டும்போது கை தானாக அந்த நிறம் மாறிய போர்ட்டுக்குத்தான் போகும்.

கீழிருந்து வரும் கேபிளுக்கு ஒரு போர்ட் போய்விட்டால் மீதி மூன்று. எங்களுக்கு அது சரியாக இருந்தது.

கொஞ்சம் புதிய ரவுட்டர்களில் ‘அக்செஸ் பாயின்ட் மோட்’ என்று ஒரு தேர்வு இருக்கும். அது இருந்தால் மேலே சொன்ன வேலைகளில் முக்கால்வாசி ஒரே கிளிக்கில் முடியும். டிஎச்சிபி தானாக நிற்கும், பல மாடல்களில் வான் போர்ட்டும் சாதாரண லேன் போர்ட் போலவே வேலை செய்ய ஆரம்பிக்கும், ஒரு போர்ட் லாபம். இதில் கவனிக்க வேண்டியது, ரவுட்டர் தன் முகவரியைத் தானே ஃபைபர் பெட்டியிடம் வாங்கிக்கொள்ளும். பிறகு அதன் செட்டிங் பக்கத்தைத் திறக்க ஃபைபர் பெட்டியின் பட்டியலில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அக்கா வீட்டு விஷயத்தைச் சொன்னால் டிஎச்சிபியை நிறுத்துவதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது புரியும்.

அங்கே பழைய ரவுட்டரை மாடியில் மாட்டிக் கொடுத்தவர் வேறொருவர். லேன் போர்ட்டில் சரியாகத்தான் செருகியிருந்தார், செட்டிங் எதையும் தொடவில்லை. முதல் நாள் எல்லாம் ஓடியிருக்கிறது. அப்புறம்தான் தொந்தரவு. “போன்ல வருதுடா, டிவில வரல. டிவிய அணைச்சுப் போட்டா டிவில வருது, தம்பியோட லேப்டாப்புல போயிடுது” என்றாள் அக்கா. கம்பெனிக்குப் புகார் கொடுத்து, ஆள் வந்து பார்த்து, லைன் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் சொன்னதும் உண்மைதான், லைனில் ஒரு குறையும் இல்லை.

நான் போனதும் நெட் வராத லேப்டாப்பில் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையைக் கொடுத்தேன். கடைசி வரியில் ‘டிஃபால்ட் கேட்வே’ என்று ஒரு முகவரி வரும், வெளியே இணையத்துக்குப் போகும் வாசல் அது. ஃபைபர் பெட்டியின் முகவரி 192.168.1.1. லேப்டாப் காட்டியதோ 192.168.0.1. அங்கேயே விஷயம் முடிந்துவிட்டது.

ஒரு கருவி நெட்வொர்க்கில் நுழைந்தவுடன் “எனக்கு யாராவது முகவரி கொடுங்கள்” என்று எல்லாருக்கும் கேட்கும்படி கூவும். அந்த வீட்டில் பதில் சொல்ல இரண்டு பேர் இருந்தார்கள், கீழே ஃபைபர் பெட்டி, மேலே பழைய ரவுட்டர். யார் பதில் முதலில் வந்து சேர்கிறதோ அதைத்தான் பெரும்பாலான கருவிகள் எடுத்துக்கொள்ளும். ஒரே தெருவில் இரண்டு பேர் ஆளுக்கொரு கணக்கில் கதவு எண் எழுதிக்கொண்டு போனது மாதிரி. ஃபைபர் பெட்டி கொடுத்த முகவரி கிடைத்தால் இணையம் வரும். பழைய ரவுட்டர் கொடுத்தால் அது “வெளியே போக என் வழியாக வா” என்று தன்னையே கேட்வே ஆகச் சொல்லும். அதன் வான் போர்ட்டிலோ எதுவுமே இல்லை. வைஃபை இணைந்திருப்பதாகத் திரை காட்டும், இணையம் மட்டும் இருக்காது.

அணைத்துப் போட்டால் சில நேரம் சரியாவதற்கும் காரணம் இதுதான், மறுபடி ஒரு குலுக்கல். ஆனால் தவறான முகவரி கிடைத்த கருவி, அணைக்காமல் விட்டால் அதே நிலையிலேயே இருக்கும். கொடுத்த முகவரிக்கு ஒரு கெடு உண்டு. கெடுவில் பாதி ஆனதும் கருவி யாரிடம் வாங்கியதோ அவரிடமே போய்ப் புதுப்பித்துக்கொள்ளும், மற்றவரைக் கேட்காது. டிவி நாள் கணக்கில் நெட் இல்லாமல் இருந்தது அதனால்தான்.

மேலே போய் டிஎச்சிபியை நிறுத்தி, முகவரியை மாற்றி, எல்லாக் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போட்டோம். மாமா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “லைன்ல கோளாறுன்னு இல்ல நெனச்சோம் மச்சான், கம்பெனிய மாத்திடலாம்னே இருந்தேன்” என்றார். இந்த அறிகுறியை வைத்துக் கம்பெனி மாற்றியவர்கள் எத்தனையோ பேர் இருக்கக்கூடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. புதுக் கம்பெனி வந்தாலும் மேலே இருக்கும் ரவுட்டர் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும்.

வேகத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். பழைய ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றின் லேன் போர்ட் நொடிக்கு 100 மெகாபிட் வேகம்தான். நடைமுறையில் 94 அல்லது அதற்குச் சற்று முன்னேபின்னே கிடைக்கும். உங்கள் திட்டமே 40, 50, 100 மெகாபிட் என்றால் இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. உயர் தெளிவு 4கே படத்துக்கே 15 முதல் 25 மெகாபிட் போதும், ஒரு கேமராவின் படத்துக்கு சில மெகாபிட். மாடியில் டிவி ஓட, டிவிஆர் ஓட, டெஸ்க்டாப்பில் வகுப்பு நடக்க எல்லாம் தாராளமாக இடம் இருக்கிறது.

200, 300 மெகாபிட் திட்டம் வைத்திருப்பவர்கள், வீட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய கோப்புகளை நகலெடுப்பவர்கள் இதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 100 மெகாபிட் என்பது நொடிக்கு ஏறத்தாழ 11 மெகாபைட். கல்யாண வீடியோ ஒரு 10 ஜிகாபைட் இருந்தால் கால் மணி நேரம் ஆகும். ஜிகாபிட் சுவிட்ச்சில் அதே கோப்பு ஒன்றரை நிமிடம். ஐந்து போர்ட் ஜிகாபிட் சுவிட்ச் இன்று ஆயிரம் ரூபாயை ஒட்டியே கிடைக்கிறது. அவர்களுக்கு அதுதான் சரி. பழைய ரவுட்டர் ஜிகாபிட் மாடலாக இருந்தால் கவலை இல்லை, மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு நல்ல விஷயம் உண்டு. மாடியில் இருக்கும் டெஸ்க்டாப்பும் டிவிஆரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது அந்தத் தகவல் கீழே ஃபைபர் பெட்டி வரை போவதே இல்லை, அந்தச் சுவிட்ச்சுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. இணையம் அறுந்து கிடக்கும் நாளிலும் டெஸ்க்டாப்பில் வாசல் கேமராவைப் பார்க்கலாம். மழைக்காலத்தில் இது எவ்வளவு உதவி என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

கேபிள் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இவ்வளவு செட்டிங் சரியாகச் செய்தும், கேபிள் சரியில்லை என்றால் எல்லாம் வீண். மலிவான கேபிள்களில் அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு முலாம் பூசியிருப்பார்கள். பிளேடால் கம்பியை லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அதுதான். சில முறை மடக்கி நிமிர்த்தினால் ஒடியும், நாளாக நாளாக இணைப்பு விட்டுப்போகும். கேட்-5இ அல்லது கேட்-6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கேபிளின் எல்லை 100 மீட்டர், வீட்டுக்கு அது எந்நாளும் போதும்.

முனையில் பிளக் அடிப்பதை நீங்களே செய்யலாம். பிளக்கின் கொக்கி அடிப்பக்கமும் கேபிள் உங்கள் பக்கமும் இருக்க, செம்புத் தகடுகள் மேலே தெரியும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி நடுவில் பிரிந்து, நீல ஜோடியைச் சுற்றி நிற்கும், அங்கேதான் கை தவறும். முறுக்கை அதிகம் பிரிக்காமல், வெளியுறை பிளக்குக்குள் நுழைந்து பிடிபடும்படி அழுத்த வேண்டும். எட்டுக் கம்பியும் பிளக்கின் முன்சுவரை முட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், முனைகளில் எட்டுச் செம்புப் புள்ளி தெரிய வேண்டும்.

100 மெகாபிட் இணைப்புக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். அதனால் பழைய ரவுட்டரில் நன்றாக ஓடிய கேபிள், பின்னால் ஜிகாபிட் சுவிட்ச் வாங்கி மாட்டியபின்னும் 100-லேயே நின்றால் சுவிட்ச் மேல் சந்தேகப்பட வேண்டாம். நீலமோ பழுப்போ எங்கேயாவது விட்டிருக்கும், பிளக்கை வெட்டிவிட்டு மறுபடி அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளை நுழைக்கச் சொல்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் வயரோடு அது உரசிக்கொண்டு கிடப்பது ஆபத்து. எங்கள் வீட்டில் பழைய டெலிபோன் வயர் போன தனி பைப் இருந்தது, பழைய வயரின் நுனியில் புதுக் கேபிளைக் கட்டி இழுத்தோம். அப்படி வழியில்லாமல் வெளிச்சுவர் ஓரமாக இழுத்தால் வெயில் தாங்கும் கருப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளாகப் பாருங்கள். சாதாரண உறை நம் ஊர் வெயிலில் சில வருடங்களில் பொரிந்து உதிரும்.

இடியைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது நீளமான செம்புக் கேபிள் அதன் தாக்கத்தை உள்வாங்கும், முனையில் இருக்கும் போர்ட் கருகிவிடும். ஃபைபரின் கண்ணாடி இழை கரண்டைக் கடத்தாது, வீட்டுக்குள் நாம் இழுத்த செம்பு கடத்தும். பலத்த இடி என்றால் மாடிக் கேபிளின் கீழ் முனையைப் பிடுங்கி வைத்துவிடுவது எங்கள் வழக்கம்.

வைஃபையை வைத்துக்கொள்வதா, நிறுத்துவதா? மாடியில் சிக்னல் மோசம் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரவுட்டர் கேபிள் வழியாக இணையம் வாங்கிப் பரப்புவதால், இடையில் வைக்கும் மலிவான எக்ஸ்டெண்டர்களைவிட இது நிச்சயம் மேல். இரண்டுக்கும் ஒரே பெயரும் கடவுச்சொல்லும் வைத்தால் போன் தானாக மாறிக்கொள்ளும், ஆனால் எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது, சில போன்கள் கீழ்ச் சிக்னலையே பிடித்துத் தொங்கும். நான் மாடிக்குத் தனிப் பெயர் வைத்துவிட்டேன். சேனலை மட்டும் வேறாக வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று தொடாத சேனல்கள் 1, 6, 11. கீழே 1 என்றால் மேலே 6 அல்லது 11.

டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு வசதிகூட இல்லாத அளவுக்குப் பழைய ரவுட்டர் என்றால் யோசிக்காமல் வைஃபையை நிறுத்திவிடுங்கள், சுவிட்ச்சாக மட்டும் இருக்கட்டும். கடவுச்சொல் அடிக்காமலே வைஃபையில் சேர்க்கும் டபிள்யூபிஎஸ் என்ற வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். எட்டு இலக்கப் பின் எண்ணை அது இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது என்பதும், அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்பதும் 2011-லேயே வெளிவந்த விஷயம். பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அது அப்படியேதான் இருக்கிறது.

அக்கா பையன் ஒருநாள் போன் செய்து, “மாமா, எல்லா லைட்டும் ஒண்ணா மின்னுது, நெட் சுத்தமா இல்ல” என்றான். கேட்டவுடன் சந்தேகம் வந்தது. “தொங்கிட்டு இருந்த கேபிள் எதையாவது சொருகுனியாடா?” ஆமாம் என்றான். ஒரு முனை ஏற்கெனவே ரவுட்டரில் இருந்த கேபிளின் மறுமுனையை, சும்மா தொங்குகிறதே என்று அதே ரவுட்டரின் இன்னொரு போர்ட்டில் செருகியிருக்கிறான். பிடுங்கச் சொன்னதும் சரியாகிவிட்டது. சுவிட்ச்சில் இப்படி ஒரு வட்டம் உண்டானால், எல்லாருக்கும் என்று அனுப்பப்படும் தகவல் அதற்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். இணையத்தில் போகும் ஐபி பாக்கெட் என்ற தகவல் பொட்டலத்துக்கு இத்தனை தாவல்தான் என்று ஆயுள் எண் உண்டு, சுவிட்ச் மட்டத்தில் ஓடும் ஈதர்நெட் பொட்டலங்களுக்கு அது கிடையாது. நொடிகளில் பெருகி மொத்த நெட்வொர்க்கையும் அடைத்துவிடும். அலுவலக சுவிட்ச்களில் இதைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஏற்பாடு இருக்கும், வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் இருக்காது. கீழிருந்து மேலே இரண்டு கேபிள் இழுத்து இரண்டையும் செருகினாலும் இதேதான். வேகம் இரட்டிப்பாகாது, வீடே நின்றுவிடும். பயன்படாத கேபிளை இரண்டு முனையும் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள்.

அடாப்டரைக் கவனியுங்கள். பழைய ரவுட்டர்கள் 5, 9, 12 வோல்ட் என்று விதவிதமாக வரும், பின் மட்டும் பல நேரம் ஒரே அளவில் இருக்கும். அலமாரியில் கிடைத்த அடாப்டரைச் செருகுவதற்கு முன் ரவுட்டர் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டும், அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் ஒன்றா, ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரவுட்டர் காரணமில்லாமல் அணைந்து அணைந்து கிளம்பினால் பெரும்பாலும் அடாப்டர்தான் வயதாகித் தளர்ந்திருக்கும். எறும்பையும் மறக்கக் கூடாது. இதமான சூடு இருப்பதால் காற்றுத் துளை வழியாக உள்ளே போய் முட்டை வைத்துவிடும். தரையில் வைக்காமல் சுவரில் மாட்டுங்கள், அவ்வப்போது அடாப்டரைப் பிடுங்கிவிட்டுத் தட்டிப் பாருங்கள்.

ரவுட்டர் மேல் ஒரு தாளை ஒட்டி, அதன் புது முகவரியையும், டிஎச்சிபி நிறுத்தியிருக்கிறது என்பதையும், ரீசெட் அழுத்த வேண்டாம் என்பதையும் எழுதி வையுங்கள். யாராவது ரீசெட் செய்தால் டிஎச்சிபி மறுபடி உயிர்பெறும், அக்கா வீட்டுத் தொந்தரவு முழுவதும் திரும்ப வரும். செய்தவருக்குக்கூட அந்த இரண்டும் சம்பந்தப்பட்டவை என்று தெரியாது.

கம்பெனி மாறினால் என்ன ஆகும் என்று கேட்பார்கள். புது ஃபைபர் பெட்டி வேறு வரிசையில் முகவரி கொடுக்கக்கூடும். ஜியோஃபைபர் பெட்டியில் 192.168.29.1 என்றிருக்கும், இன்னும் சிலவற்றில் 192.168.100.1. அப்போது பழைய ரவுட்டரின் 192.168.1.250 அந்த வரிசைக்கு வெளியே போய்விடும், அதன் செட்டிங் பக்கம் திறக்காது. ஆனால் சுவிட்ச் வேலை ஒரு நிமிடம்கூட நிற்காது, வைஃபையும் நிற்காது. சுவிட்ச் பார்ப்பது மேக் முகவரியை, ஐபி வரிசை எதுவாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. செட்டிங் பக்கம் வேண்டுமென்றால் லேப்டாப்புக்கு 192.168.1.50 என்று கையால் முகவரி போட்டு உள்ளே போய், ரவுட்டர் முகவரியைப் புது வரிசைக்கு மாற்றிவிட்டு, லேப்டாப்பை மறுபடி தானியங்கி முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். ஒட்டிய தாளிலும் எண்ணைத் திருத்திவிடுங்கள்.